கடலில் கிடைத்த ரோமானிய உணவுக் கலங்களை அட்டவணைப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலடியிலிருந்து மீட்கப்பட்ட ரோமானியர் காலச் செந்நிற உணவுக் கலங்களை அருங்காட்சியகப் பதிவேட்டில் ஏற்றும் முறை குறித்துத் தொல்லியல் மாணவர்களும் அருங்காட்சியகப் பணியாளர்களும் ஆர்வலர்களும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. பொதுவிதிகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட உண்மையான ஒரு தொகுப்பை முன்வைத்துப் பேசுவது பயன் தரும். ஆகவே, இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைக்கு வடக்கே, தேம்ஸ் கழிமுகத்தில் உள்ள புட்டிங் பான் என்னும் கடற்பகுதியில் கிடைத்த கலங்களே பெரும்பாலான விடைகளுக்கு எடுத்துக்காட்டாக அமைகின்றன.

எத்தகைய கலங்களைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

ரோமப் பேரரசின் மேற்குப் பகுதிகளில், கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வரை, உணவு பரிமாறவும் பருகவும் பயன்பட்ட, பளபளப்பான செந்நிற மேற்பூச்சு கொண்ட தட்டுகள், கிண்ணங்கள், கோப்பைகள் ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறோம். ஆய்வாளர்கள் இவற்றை டெர்ரா சிகில்லாட்டா என்று அழைக்கின்றனர். பிரிட்டனில் சாமியன் என்னும் பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது. முதலில் இத்தாலியின் அரேட்சோ நகரமும், பின்னர் கால் (Gaul) என்று ரோமானியர் காலத்தில் அழைக்கப்பட்ட நாட்டின் தென்பகுதியில், இன்றைய பிரான்சின் மியோ நகரை ஒட்டிய லா கிராஃபசாங்க்கும், இரண்டாம் நூற்றாண்டில் கிளெர்மோன் ஃபெராண் அருகிலுள்ள லெசூவும் இவற்றின் பெரும் உற்பத்தி மையங்களாக விளங்கின. சூளையில் புகையும் தீயும் கலங்களைத் தொடாதபடி குழாய்கள் வழியே வெப்பத்தைச் செலுத்தி, ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டதனால், இரும்புச்சத்து மிகுந்த நுண்களிமண் பூச்சு இறுகி அந்தச் செம்மினுக்கம் கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும், நல்ல நிலையில் உள்ள ஒரு கிண்ணத்தைக் கழுவி வைத்தால் நேற்று வாங்கியது போலவே இருக்கும். பதிவு செய்பவருக்கு இது வசதி, அதே சமயம் ஆபத்தும்கூட. அது ஏன் என்பது தேய்மானம் பற்றிய விடையில் வரும்.

புட்டிங் பான் தொகுப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் என்ன?

கடலிலிருந்து வரும் கலங்களில் ஏற்படக்கூடிய சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு தொகுப்பில் உள்ளன. விட்ஸ்டபிள், ஹெர்ன் பே ஆகிய ஊர்களைச் சேர்ந்த மீனவர்கள் ஆளிச்சிப்பி வாரும்போது, 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே அவர்களுடைய வலைகளில் முழுமையான சாமியன் கலங்கள் சிக்கி வந்தன. அவை மீனவர் வீடுகளில் அன்றாடப் புழக்கத்தில் இருந்தன என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநராக முன்னர் இருந்த தாமஸ் பவ்னல், 1778-இல் லண்டன் தொல்பொருள் கழகத்தில் இவற்றைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். கடல் கொண்டுவிட்ட ஒரு நிலத்தில் ரோமானியக் குயவர் பட்டறை இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. 1907-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்மித், இது மூழ்கிய கப்பலின் சரக்கே என்று வாதிட்டார். அண்மைக் காலத்தில் மைக்கேல் வால்ஷ் என்னும் ஆய்வாளர், பல அருங்காட்சியகங்களிலும் தனியார் வீடுகளிலும் சிதறிக் கிடந்த கலங்களைத் தேடித் தொகுத்து, அறுநூறுக்கும் மேற்பட்டவற்றை ஆவணப்படுத்தி, சரக்கின் காலத்தை ஏறத்தாழ கி.பி. 175-க்கும் 195-க்கும் இடையில் நிறுத்தினார். அவருடைய ஆய்வை பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2017-இல் நூலாக வெளியிட்டது.

கப்பல் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆக, கப்பலே இல்லாத ஒரு கப்பற்சரக்கை, 200 ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் கைமாறி வந்த பொருள்களைக் கொண்டு மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய நிலையில் ஒவ்வொரு பதிவும் கண்ணால் கண்டதையும் கருத்தால் ஊகித்ததையும் வெவ்வேறு கட்டங்களில் எழுதியாக வேண்டும். இப்பக்கத்தின் விடைகள் பலவும் இந்த ஒரு கட்டுப்பாட்டின் விரிவே.

ஒரு கலம் கைக்கு வந்தவுடன் முதலில் எதைப் பதிவு செய்ய வேண்டும்?

கலத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் அது வந்த வழியை எழுத வேண்டும். யார் எடுத்தார், எந்த ஆண்டில், எந்தக் கருவியால், கடலின் எந்தப் பகுதியில், பிறகு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பவற்றைக் கிடைத்த அளவில் வரிசையாகக் குறிக்க வேண்டும். கலத்தின் அடியில் ஒட்டப்பட்ட பழைய தாள்துண்டு, பென்சிலால் எழுதிய எண், ஏலக்கடைச் சீட்டு ஆகியவற்றைக் கழுவும் முன்பே படமெடுத்துவிட வேண்டும். தண்ணீரில் முதலில் கரைந்து போவது அவைதான்.

பழைய தொகுப்புகளில் தோற்றுவாய் மூன்று வகையாக அமையும். மீட்டவரே சொன்ன அல்லது அக்கால ஆவணத்தால் உறுதிப்படும் இடம் முதல் வகை. பின்னாளில் உரிமையாளரோ வணிகரோ சொன்ன இடம் இரண்டாவது. இடமே சொல்லப்படாமல், கலத்தின் வடிவத்தையும் அதில் ஒட்டிய கடல் உயிரிகளையும் வைத்து நாம் பொருத்துவது மூன்றாவது. இம்மூன்றையும் 'புட்டிங் பான்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால், பின்வரும் ஆய்வாளர் நம்முடைய ஊகத்தையே சான்றாக எடுத்துக்கொள்வார். கென்டில் நிலத்தில் கிடைத்த சாமியன் கலம் ஒன்று, விலை கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காகக் கடலில் கிடைத்ததாக விற்கப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு என்பதை மறக்கலாகாது.

எடுத்த கருவியையும் ஏன் குறிக்க வேண்டும் என்று சிலர் கேட்கின்றனர். சிப்பி வாரும் இழுவலை கடலடியைச் சுரண்டிச் செல்லும். சிறு உடைசல்கள் அதன் கண்ணிகள் வழியே நழுவிவிடும். தப்பி வந்த உடைந்த ஓடுகளையும் மீனவர் திரும்பக் கடலில் எறிந்துவிடுவர். முழுக்கலம் மட்டுமே கரைக்கு வரும். அகழாய்வில் கிடைத்த தொகுப்புக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. நம் கையில் இருப்பது மீனவர் வலையும் வாங்கியவர் ரசனையும் தேர்ந்தெடுத்த பகுதி. சரக்கு முழுவதையும் அது காட்டாது.

கடலிலிருந்து எடுத்த கலத்தை உடனே உலர்த்தலாமா?

கூடாது. நுண்துளைகளில் ஊறியிருக்கும் உப்பு, நீர் வற்றும்போது படிகமாகி, மேற்பூச்சைச் செதில்செதிலாகப் பெயர்த்துவிடும். உலர்ந்த சில வாரங்களில், பளபளப்பாக இருந்த கிண்ணத்தின் மேல் வெண்ணிறப் பூப்பு தோன்றி, விரல் பட்டாலே செந்தூள் உதிரும் நிலை வருவதுண்டு. எனவே கலத்தை முதலில் கடல்நீரிலேயே வைத்து, நன்னீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, பின்னர் முழுவதும் நன்னீருக்கும், இறுதியில் அயனி நீக்கிய நீருக்கும் மாற்ற வேண்டும். நீரின் மின்கடத்து திறனை அளவிட்டுக் குறித்து வந்தால், உப்பு வெளியேறுவது குறைந்து நின்றுவிடும் கட்டம் தெரியும். அதன் பிறகே நிழலில் மெதுவாக உலர்த்த வேண்டும். இந்த அளவீடுகளும் பதிவேட்டில் இடம்பெற வேண்டியவையே. முன்பே உலர்ந்துவிட்ட பழைய தொகுப்புக் கலங்களை மீண்டும் நீரில் இடுவதா என்பதைப் பாதுகாப்பு வல்லுநரே முடிவு செய்ய வேண்டும்.

ஒட்டியிருக்கும் சிப்பிகளையும் கொட்டலசுகளையும் நீக்கிவிடலாமா?

படமெடுத்து, எந்தப் பக்கத்தில் எவ்வளவு பரப்பில் உள்ளன என்று வரைந்து குறித்த பிறகு, முத்திரையோ விளிம்போ மறைந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் சிறுகத்தியால் நீக்கலாம். அமிலத்தைத் தொடவே வேண்டாம். அது சுண்ணாம்பு ஓட்டைக் கரைப்பதோடு நிற்காமல், சுண்ணாம்பு கலந்த களிமண்ணால் ஆன கலத்தையும் அரிக்கும்.

இந்த உயிரிகள் அழுக்கல்ல, சான்று. குழாய்ப்புழுக்களும் கொட்டலசுகளும் நீரில் வெளிப்பட்டிருக்கும் பரப்பில்தான் குடியேறும். மணலுக்குள் புதைந்திருக்கும் பகுதியில் குடியேறா. ஒரு பாதி முழுக்க ஓடு படிந்து மறுபாதி தூய்மையாக இருந்தால், அந்தக் கலம் சாய்ந்து பாதி புதைந்து கிடந்தது என்று அறியலாம். உட்புறத்தில் எதுவுமின்றி வெளிப்புற விளிம்பில் மட்டும் வளையமாகப் படிந்திருந்தால், ஒன்றினுள் ஒன்றாக அடுக்கிய நிலையில் நெடுங்காலம் இருந்திருக்கலாம். எங்குமே படியாத கலம் அண்மைக்காலம் வரை முழுதும் புதைந்திருக்கக்கூடும்.

சில கலங்கள் ஏன் கருமையாக உள்ளன? அவை வேறு வகையா?

பெரும்பாலும் இல்லை. உயிர்வளி அற்ற சேற்றில் நெடுநாள் கிடந்த கலத்தில் இரும்பு சல்பைடு படிந்து, செந்நிறம் சாம்பலாகவோ கருமையாகவோ மாறும். ஒரே கலத்தின் ஒரு பகுதி சிவப்பாகவும் மறுபகுதி கறுப்பாகவும் இருந்தால் ஐயமே வேண்டாம். நிறத்தை மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டு எழுதும்போது, கறை படாத இடத்தின் நிறத்தையும் கறையின் நிறத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். கருமேற்பூச்சோடு திட்டமிட்டே சுடப்பட்ட கலங்களும் லெசூவில் உருவாயின என்பதால், உடைந்த விளிம்பில் உட்களிமண்ணைப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது.

வடிவ எண்கள் எங்கிருந்து வந்தன? அவற்றை எவ்வாறு பயன்படுத்துவது?

ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் டிராகன்டார்ஃப் 1895-இல் இக்கலங்களை 55 வடிவங்களாகப் பிரித்து எண்ணிட்டார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ரோமானிய மட்கலங்களுக்கு 1908-இல் அட்டவணை தயாரித்த வால்டர்ஸ் அந்த வரிசையை நீட்டினார். ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட் கோட்டையை அகழ்ந்த கர்ல் 1911-இல் மேலும் சில எண்களைச் சேர்த்தார். இதனால்தான் 'டிராகன்டார்ஃப் 33', 'வால்டர்ஸ் 79', 'கர்ல் 15' என்று எண்ணோடு பெயரையும் சேர்த்து எழுதுகிறோம். பெயரில்லாத வெறும் எண் குழப்பத்தையே தரும்.

புட்டிங் பான் தொகுப்பில் அடிக்கடி வருபவை சிலவே. நேர்ச்சரிவுச் சுவர் கொண்ட கூம்புக் கோப்பை டிராகன்டார்ஃப் 33. அடித்தளம் உட்புறம் நடுவே சற்று மேடாக எழும் ஆழமற்ற கிண்ணம் 31. அதே வடிவம் பெரிதாக, உள்ளே நுண்கோடுகளாலான ஒரு வளைய அலங்காரத்துடன் இருந்தால் 31 ஆர் என்று எழுதுவர். உடலைச் சுற்றிக் கீழ்நோக்கி வளைந்த விளிம்புப்பட்டை கொண்ட கிண்ணம் 38. விளிம்பின் மேல் இலைகளைக் குழைமண்ணால் புடைப்பாக வரைந்த தட்டு அல்லது கோப்பை 36 அல்லது 35. வேட்டைக் காட்சிகளும் தெய்வ உருவங்களும் அச்சில் வார்த்த 37-ஆம் எண் கிண்ணம் நிலத்தில் தோண்டும் இடமெல்லாம் கிடைக்கும். இந்தத் தொகுப்போ ஏறத்தாழ முழுவதும் அலங்காரமற்ற கலங்களால் ஆனது. இந்த இன்மையையும் குறிப்பில் எழுத வேண்டும்.

வடிவம் இரண்டு எண்களுக்கு இடைப்பட்டதாக இருந்தால் அவ்வாறே எழுதுங்கள். '18/31' என்னும் இடைவடிவம் இப்படித்தான் நிலைபெற்றது. எண்ணுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகக் கலத்தை வளைக்க முடியாது.

களிமண் வகையைக் கொண்டு உற்பத்தி ஊரை அறிய முடியுமா?

பெருமளவு முடியும். புதிதாக உடைந்த சிறு விளிம்பை 20 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது, லா கிராஃபசாங்க் கலங்களில் இளஞ்சிவப்புக் களிமண்ணில் வெளிர்மஞ்சள் சுண்ணாம்புத் துகள்கள் தெரியும். லெசூக் கலங்களில் செம்மஞ்சள் களிமண்ணில் அபிரகத் துகள்கள் நுண்ணியதாக மின்னும். லெசூவிலேயே முதல் நூற்றாண்டுக் கலங்கள் அபிரகம் மிகுந்த, சுண்ணாம்பு குறைந்த மண்ணாலும், இரண்டாம் நூற்றாண்டுக் கலங்கள் சுண்ணாம்பு கலந்த மண்ணாலும் ஆனவை. பிரிட்டனில் 1998-இல் வெளியான தேசிய ரோமானியக் களிமண் மாதிரித் தொகுப்பு இவ்விரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு தந்துள்ளது. அந்தக் குறியீட்டையே பதிவில் எழுதினால் பிற அருங்காட்சியகங்களோடு ஒப்பிடுவது எளிதாகும்.

முழுக்கலத்தைப் பார்ப்பதற்காக உடைக்க முடியாது. பழைய சிராய்ப்போ விளிம்புச் சில்லோ இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். இல்லையேல் 'களிமண் காணப்படவில்லை. மேற்பூச்சை வைத்துக் கருதப்பட்டது' என்று எழுத வேண்டும். வேதியியல் பகுப்பாய்வு செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. கடல்நீர் சோடியம், மக்னீசியம் போன்றவற்றின் அளவை மாற்றிவிடும் என்பதால், நிலத்துக் கலங்களின் அளவுகளோடு அவற்றை நேரடியாக ஒப்பிடலாகாது.

குயவர் முத்திரையை எவ்வாறு படிப்பது, எவ்வாறு பதிவது?

அலங்காரமற்ற கலங்களில் முத்திரை உட்புற அடித்தளத்தின் நடுவில் இருக்கும். ஒரு சிறு செவ்வகத்துக்குள் லத்தீன் எழுத்துகளில் குயவர் பெயர், அதனுடன் ஒரு சுருக்கம். 'ஓ.எஃப்.' என்று இருந்தால் இன்னாருடைய பட்டறை என்றும், 'எம்.' என்று முடிந்தால் இன்னாருடைய கையால் என்றும், 'எஃப்.' என்று முடிந்தால் இன்னார் செய்தார் என்றும் பொருள். புட்டிங் பானில் சதுர்நீனுஸ், செவெரியானுஸ், நமிலியானுஸ், மைனாக்னுஸ் முதலிய பெயர்கள் படிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் மைனாக்னுஸ் போன்றவை லத்தீன் உடை போர்த்திய கால் நாட்டுப் பெயர்கள்.

படிப்பதற்கு ஒரு விளக்கை ஏறக்குறைய தரைமட்டத்தில் சாய்த்து வைத்து, அதை நான்கு திசைகளிலும் நகர்த்திப் பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் வெறும் தேய்ந்த கோடாகத் தெரிந்தது, சாய்வெளிச்சத்தில் எழுத்தாக எழுந்து நிற்கும். பின்னர் மெல்லிய தாளை வைத்து மென்பென்சிலால் தேய்த்து இயலளவுப் படி எடுக்க வேண்டும். முத்திரையின் நீள அகலங்களை அரை மில்லிமீட்டர் துல்லியத்தில் அளக்க வேண்டும். இவ்வளவு நுணுக்கம் எதற்கென்றால், நமக்கு வேண்டியது பெயரைவிட, அதைக் குத்தப் பயன்பட்ட முத்திரை அச்சு. ஒரு குயவர் தம் வாழ்நாளில் பல அச்சுகளைப் பயன்படுத்தினார். ஓர் அச்சு முனை உடைந்த பிறகும் அதே அச்சைத் தேய்த்துச் சரிசெய்து மீண்டும் பயன்படுத்தினார். அந்தச் சிறு உடைவு, 'என்' என்னும் எழுத்தின் சாய்கோடு திசைமாறி நிற்பது, இரண்டு எழுத்துகள் ஒட்டிப் பிறந்திருப்பது ஆகியவையே ஓர் அச்சை மற்றொன்றிலிருந்து பிரிக்கின்றன.

பிரையன் ஹார்ட்லியும் பிரெண்டா டிக்கின்சனும் தொகுத்து 2008 முதல் 2012 வரை ஒன்பது தொகுதிகளாக வெளிவந்த குயவர் பெயர்த் தொகுப்பு, ஒவ்வொரு குயவருக்கும் அவருடைய ஒவ்வோர் அச்சுக்கும் எண் கொடுத்துள்ளது. அதன் தரவுகள் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் உள்ள தொல்லியல் ஆய்வு நிறுவனத்தின் இணையத் தரவுத்தளத்திலும் இடம்பெற்றுள்ளன. பதிவில், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை முதலில் எழுதி, தேய்ந்தவற்றை அடைப்புக்குறிக்குள் இட்டு, அடுத்த கட்டத்தில்தான் குயவர் பெயரையும் அச்சு எண்ணையும் எழுத வேண்டும். 'சதுர்நீனுஸ்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், எந்த எழுத்துகளைக் கண்டு அம்முடிவுக்கு வந்தோம் என்பதைச் சரிபார்க்கப் பின்னால் வருபவருக்கு வழியே இராது.

எழுத்துப் போலவே தோன்றி எந்தப் பெயரும் ஆகாத முத்திரைகளும் உண்டு. எழுத்தறியாத பட்டறையாள் செய்த போலிக் கோடுகள் அவை. அவற்றைப் படிக்க முயன்று பெயர் உண்டாக்க வேண்டாம். படி எடுத்து வைத்தால் போதும்.

கலம் பயன்படுத்தப்பட்டதா, புதிய சரக்கா என்பதை எப்படி அறிவது?

நிலத்தில் கிடைக்கும் கலத்தில் அடிவளையத்தின் கீழ்ப்பகுதி தேய்ந்திருந்தால் அது மேசையில் உராய்ந்து புழங்கியது எனலாம். அடியில் கீறிய பெயரோ குறியோ இருந்தால் உரிமையாளர் ஒருவர் இருந்தார் எனலாம். கப்பலில் சென்ற புதிய சரக்கில் இவ்விரண்டும் இருக்கக்கூடாது. ஆகவே தேய்ந்த கலம் கிடைத்தால், அது சரக்கைச் சேராமல் கப்பலாள்களின் சொந்தப் பாத்திரமாக இருக்கலாம் என்று முடிவு கட்டத் தோன்றும்.

புட்டிங் பானில் இந்தத் தர்க்கம் அப்படியே செல்லாது. ரோமானியர் பயன்படுத்தாத அந்தக் கிண்ணங்களை 18-ஆம் நூற்றாண்டு விட்ஸ்டபிள் சமையலறைகள் பயன்படுத்தின. அடிவளையத்தின் தேய்மானம் ரோமானியர் காலத்து மேசையின்மேல் ஏற்பட்டதாகவும் இருக்கலாம், கென்ட் மீனவர் வீட்டு அடுப்பங்கரையில் ஏற்பட்டதாகவும் இருக்கலாம், கடலடி மணல் அரித்ததாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கடல் உயிரிகள் விட்டுச்சென்ற வெண்ணிறத் தடங்களை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். தேய்ந்த பரப்பின் மேல் தடம் படிந்திருந்தால் தேய்மானம் முந்தையது. தேய்மானம் தடத்தை வெட்டிச் சென்றால் அது கரையேறிய பின் ஏற்பட்டது. மணல் அரிப்போ அடிவளையத்தை மட்டும் தேர்ந்தெடுக்காமல், வெளிப்பட்டிருந்த பக்கம் முழுவதையும் மங்கலாக்கும்.

உட்புறத்தில் காணும் வட்டத் தடத்தையும் தேய்மானம் என்று எழுதிவிடக்கூடாது. சூளையில் ஒரு கலத்தினுள் மற்றொன்றை அடுக்கிச் சுட்டபோது மேற்கலத்தின் அடிவளையம் பட்ட இடம் நிறம் மாறி நிற்கும்.

எண்ணிக்கையை எவ்வாறு கணக்கிடுவது?

முழுக்கலங்கள் என்றால் எண்ணினால் முடிந்தது. ஓடுகள் கலந்திருந்தால் ஓடுகளின் எண்ணிக்கை, எடை, விளிம்பில் எஞ்சியிருக்கும் விழுக்காடு ஆகிய மூன்றையும் தர வேண்டும். விளிம்பு விழுக்காடுகளைக் கூட்டி நூறால் வகுத்தால் கிடைப்பது சமான கல எண்ணிக்கை. தொகுப்புகளை ஒப்பிடுவதற்கு அதுவே நம்பகமானது. வலையில் வந்த தொகுப்பின் எண்ணிக்கையைக் கொண்டு கப்பலின் சரக்கு இவ்வளவு என்று கூறுவதை நான் ஏற்கமாட்டேன். வடிவங்களின் விகிதத்தைக்கூட எச்சரிக்கையோடுதான் பேச வேண்டும். தடித்த பெரிய கிண்ணம் இழுவலையைத் தாங்கும், மெல்லிய கோப்பை தாங்காது.

அகழாய்வு செய்த மூழ்கிய கப்பல் ஒன்றில் நிலைமை எப்படி இருக்கும்?

ஸ்பெயினின் கட்டலோனியாவில், கிரெயுஸ் முனைக்கு அருகே குலிப் விரிகுடாவில் நான்காவதாக எண்ணிடப்பட்ட கப்பல் நல்ல ஒப்பீடாகும். சாவியே நியேத்தோ தலைமையில் 1980-களில் அகழப்பட்ட அந்தச் சிறு கப்பல் கி.பி. 70-களை ஒட்டி மூழ்கியது. தென் ஸ்பெயினின் எண்ணெய்ச் சாடிகள், மென்சுவர்க் கோப்பைகள், ரோமிலிருந்து வந்த விளக்குகள் ஆகியவற்றோடு லா கிராஃபசாங்கின் செந்நிறக் கலங்கள் 2000-க்கும் மேல் அதில் இருந்தன. மூன்று வெவ்வேறு திசைகளின் சரக்கு ஒரே சிறு கப்பலில் இருப்பதனால், அது நார்போன் போன்ற ஒரு பெருந்துறைமுகத்தில் ஏற்றிக் கடலோரமாக மறுவிநியோகத்துக்குச் சென்ற கப்பல் என்று கருதுகின்றனர். எந்தக் கலம் எதன் அருகே கிடந்தது என்பது தெரிந்ததால் சொல்ல முடிந்த செய்தி இது. புட்டிங் பானில் அந்த உறவு இல்லை. கலங்கள் லெசூவிலிருந்து அலியே, லுவார் ஆறுகள் வழியாக அட்லாண்டிக் கடலை அடைந்து லண்டனை நோக்கி வந்தன என்று கருதப்படுவது, உற்பத்தி ஊரையும் கண்டெடுத்த இடத்தையும் இணைத்து வரையும் கோடுதான்.

காலத்தை எந்த அளவு துல்லியமாகக் குறிக்கலாம்?

ஒவ்வொரு கலத்துக்கும் அதன் தனிக் காலமும் தொகுப்பின் காலமும் வெவ்வேறு கட்டங்களில் இருக்க வேண்டும். டிராகன்டார்ஃப் 33 கோப்பையைத் தனியே பார்த்தால் அது இரண்டாம் நூற்றாண்டு முழுவதும் புழங்கிய வடிவம். 31 ஆர், வால்டர்ஸ் 79, 80 ஆகியவையோ ஏறத்தாழ கி.பி. 160-ஐ ஒட்டித்தான் தோன்றுகின்றன. அச்சு எண் தெரிந்தால் காலம் மேலும் குறுகும். ஏனெனில் ஸ்காட்லாந்தில் ரோமானியர் எழுப்பிய எல்லைச் சுவரான அன்டோனைன் சுவரின் கோட்டைகள் போன்ற, தொடக்கமும் முடிவும் தெரிந்த இடங்களில் எந்த அச்சுகள் கிடைக்கின்றன, எவை கிடைக்கவில்லை என்பது ஆராயப்பட்டுள்ளது.

இங்கே ஒரு சுழல் இருக்கிறது. புட்டிங் பானின் காலத்தை அச்சுகள் தருகின்றன. அதே அச்சுகள் வேறிடத்தில் கிடைத்தால், புட்டிங் பானை மேற்கோள் காட்டி அவற்றுக்குக் காலம் தரப்படுகிறது. எனவே காலத்துக்கு அருகில் அது எதை ஆதாரமாகக் கொண்டது என்பதை ஒரு வரியில் எழுதுவது கட்டாயம். 'இக்கலத்தின் காலம் 175–195' என்று எழுதுவதற்கும், 'வடிவத்தால் 160-க்குப் பின். புட்டிங் பான் தொகுப்பைச் சேர்ந்ததெனில் 175–195' என்று எழுதுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

அரிக்கமேட்டில் கிடைத்தவையும் இவ்வகையைச் சேர்ந்தவையா?

குடும்பம் ஒன்றே, காலமும் ஊரும் வேறு. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்த அரிட்டைன் (அரேட்சோ வகை) ஓடுகள் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. லெசூக் கலங்களைவிட ஒன்றரை நூற்றாண்டு மூத்தவை. விபியே, காமுரி, இத்தா என்று முத்திரைகளும் அவற்றில் படிக்கப்பட்டன. ஐரோப்பாவில் காலம் தெரிந்திருந்த இந்த ஓடுகளைப் பிடித்துக்கொண்டுதான், அதே மண்ணடுக்குகளில் இருந்த இந்தியப் பானை வகைகளுக்கு வீலர் காலம் குறித்தார். பிற்காலத்தில் விமலா பெக்லி குழுவினரின் ஆய்வுகளில் அந்தக் காலவரிசை பெரிதும் திருத்தப்பட்டது. மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியில் உருவான சிகில்லாட்டா வகைகளும் அரிக்கமேட்டு ஓடுகளுள் இருப்பது அறியப்பட்டது. செந்நிறப் பளபளப்பு ஓடு அனைத்தையும் 'அரிட்டைன்' என்று எழுதிவைக்கும் பழக்கம் நம் பக்கத்துப் பதிவேடுகள் சிலவற்றில் இன்னும் தொடர்கிறது. அது களிமண்ணைப் பார்த்தபின் எழுத வேண்டிய சொல். மேலும், அவை கடல் கடந்து வந்தவையே தவிரக் கடலில் கிடந்தவை அல்ல. உப்பு நீக்கம் பற்றியும் கடல் உயிரிகள் பற்றியும் மேலே கூறியவை அவற்றுக்குப் பொருந்தா.

ஒரு முழுப் பதிவு எப்படி இருக்கும்?

கீழ்க்காண்பது மாதிரிக்காக அமைத்தது.

வடிவம்: டிராகன்டார்ஃப் 33, கோப்பை. நிலை: முழுமை, விளிம்பில் ஒரு பழஞ்சில்லு, 9 மி.மீ. அளவுகள்: விளிம்பு விட்டம் 118 மி.மீ., உயரம் 57 மி.மீ., அடிவளைய விட்டம் 46 மி.மீ. களிமண்: சில்லுப் பகுதியில் காணப்பட்டது, செம்மஞ்சள், நுண் அபிரகம், லெசூவின் பிற்கால வகை. மேற்பூச்சு: உட்புறம் நன்னிலை, வெளிப்புறம் ஒருபக்கம் மங்கல். முத்திரை: உட்புற நடு, முதல் மூன்று எழுத்துகள் தேய்ந்தவை, இறுதியில் 'எம்.' தெளிவு, அச்சு அறியப்படவில்லை, தேய்ப்புப் படி இணைப்பில். கடற்படிவு: வெளிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு, குழாய்ப்புழுத் தடங்கள், உட்புறம் இல்லை. தேய்மானம்: அடிவளையத்தில் சிறிது, புழுத்தடத்தை வெட்டுகிறது, ஆகவே மீட்புக்குப் பிந்தையது. தோற்றுவாய்: கொடுத்தவர் கூற்றுப்படி புட்டிங் பான், ஆவணம் இல்லை, இரண்டாம் வகை. காலம்: வடிவத்தால் இரண்டாம் நூற்றாண்டு, தோற்றுவாய் சரியெனில் 175–195.

'அழகிய', 'அரிய' போன்ற சொற்களுக்கு இதில் இடமில்லை.

ஒளிப்படம் போதாதா? கோட்டோவியமும் வேண்டுமா?

வேண்டும். இடப்பாதி குறுக்குவெட்டும் வலப்பாதி வெளித்தோற்றமுமாக வரையப்படும் ஓவியமே சுவரின் தடிமனையும் அடிவளையத்தின் சரிவையும் காட்டும். வடிவ எண்ணைப் பிறர் சரிபார்ப்பது அதைக் கொண்டுதான். கலங்களுக்கு பாதியளவும் முத்திரைகளுக்கு இயலளவும் வழக்கம்.

எண்ணைக் கலத்தின் மேல் எழுதலாமா?

பாராலாய்டு பி-72 என்னும் பிசினை மெல்லிய படலமாகத் தடவி, அது காய்ந்த பின் அதன் மேல் மையால் எழுதி, மேலும் ஒரு படலம் தடவலாம். தேவைப்பட்டால் அசிட்டோனால் நீக்கிவிடலாம். அடிவளையத்துக்கு உட்புறம், முத்திரைக்கோ பழைய எழுத்துக்கோ அருகில் வராத இடமாகப் பார்த்து எழுத வேண்டும். உப்பு நீங்காத கலத்தில் எழுதினால் எண் பூச்சோடு சேர்ந்தே உரிந்து வரும்.

கென்ட் கடற்கரையில் இத்தகைய ஓடு ஒன்று எனக்குக் கிடைத்தால் என்ன செய்வது?

மூழ்கிய கப்பலைச் சேர்ந்த பொருள் என்று கருத இடமிருந்தால், 1995-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி 28 நாள்களுக்குள் கப்பற்சிதைவுப் பொருள்களுக்கான அரசு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். எவ்வளவு பழைய கப்பல் என்றாலும் இந்தக் கடமை உண்டு. உரிமை கோருவதற்கு ஓராண்டு அவகாசம் உள்ளது. உரிமையாளர் யாரும் முன்வராவிட்டால் பொருளை அருங்காட்சியகத்தில் சேர்ப்பது பற்றியோ கண்டெடுத்தவருக்கே விடுவது பற்றியோ அந்த அதிகாரி முடிவு செய்வார். அறிவிக்கும் வரை ஓட்டை ஈரமாகவே, வெயில் படாமல் வையுங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம். கண்டெடுத்த இடத்தைக் கைபேசியில் அன்றே குறித்து, ஓடு கிடந்த நிலையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.